நிலவறைப் பேயும் பூங்கா முதலாளியும்

1986இல் லண்டனில் அரங்கேறிய ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ இசை நாடகத்தில் முகமூடிக்காரன் பாரிஸ் அரங்கின் நிலவறையில் ஒளிந்திருப்பான். சரவிளக்கு விழும் காட்சியில், முத்தியால்பேட்டை வீட்டில் மடிக்கணினி முன்னால் என் அக்கா இன்றும் காபி டம்ளரை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

2010இல் வந்த தொடர்ச்சி, ‘லவ் நெவர் டைஸ்’, அவனை நியூயார்க்கின் கோனி தீவில் கேளிக்கைப் பூங்கா முதலாளி ஆக்கிவிட்டது. இருட்டில் இருந்தவரைதான் அவனிடம் மிரட்டல். டிக்கெட் விற்கிறவனுக்கு யார் பயப்படுவார்கள்? கதாநாயகி கிறிஸ்டீனின் கணவன் ராவுலைக் குடிகாரனாக்கியதை அக்கா மன்னிக்கவே இல்லை. 2011 ஆகஸ்டிலேயே லண்டனில் திரை விழுந்துவிட்டது. முதல் நாடகமோ நியூயார்க்கின் பிராட்வேயில் மட்டும் 1988 முதல் 2023 வரை ஓடியது.

ஆனால் தொடர்ச்சியில் கிறிஸ்டீன் பாடும் தலைப்புப் பாட்டு எனக்கு உயிர். அது தொடங்கியதும் அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறாள்.