8 சதவீதம்தான் கூடுதல் என்ற ரிப்போர்ட்டை நம்பி பெங்களூர் போன கதை

சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறப் போகிறவர்கள், அதுவும் காசு கொடுத்து 'வாழ்க்கைச் செலவு ஒப்பீடு' வாங்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் அலைவது என்று வீட்டில் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

2023 மே மாதம் பெங்களூரில் மகாதேவபுரா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கையில் வரும் சம்பளம் 80,000த்திலிருந்து ஒரு லட்சம். மடிப்பாக்கத்தில் 17,000 வாடகை, எல்லாம் சேர்த்து மாதம் 50,000க்குள் ஓடிக்கொண்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில், ஊர் மாறுகிறவர்களுக்கு ஆலோசனை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 7,500 ரூபாய் கட்டினேன். 14 பக்க ரிப்போர்ட், கலர் கலராக வரைபடங்கள். "சென்னையைவிட 8% கூடுதல், இரண்டு படுக்கையறை வீடு 20,000 முதல்." அந்த 'முதல்' என்ற சொல்லுக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது.

வீடு பார்க்க அவர்களே ஒரு தரகரை அனுப்பினார்கள். 20,000க்கு ஒரு வீட்டைக்கூட அவர் காட்டவில்லை. "உங்க ஆபீஸ் பக்கம் அந்த ரேட் கிடையாது சார்" என்றார், ரிப்போர்ட்டைப் பார்த்தே இராதவர் போல. கடைசியில் 32,000க்கு முடிந்தது. மெயின்டனன்ஸ் 4,500 தனி. அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, அதாவது 1,92,000. தரகு ஒரு மாத வாடகை. மடிப்பாக்கத்தில் நான் கொடுத்திருந்த அட்வான்ஸே 60,000தான். வேறு வழியில்லாமல் மனைவியின் நகையை அடகு வைத்தோம். அந்த வட்டி ரிப்போர்ட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

வரியிலும் ஓட்டை. வீட்டு வாடகைப்படி (HRA) வரி விலக்கைக் கணக்கிடும்போது பெங்களூரை 'மெட்ரோ' என்று வைத்து, அடிப்படைச் சம்பளத்தில் 50% வரை விலக்கு என்று போட்டிருந்தார்கள். அப்போதைய வருமான வரி விதியில் அந்த 50% சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கு மட்டும்தான். பெங்களூர் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் 40%. என் அடிப்படைச் சம்பளம் 50,000. பழைய வரி முறையில் இருந்ததால் மாதம் 5,000 ரூபாய்க்கான விலக்கு கைவிட்டுப் போனது. ஆலோசனைக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரியாதா?

தண்ணீர் கதைதான் பெரிய கதை. எங்கள் அடுக்குமாடியில் காவிரி இணைப்பு இல்லை, முழுக்க போர்வெல். நகரத்தோடு பிறகு சேர்க்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்கான காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய கோடையில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பிப்ரவரியில் போர்வெல் வறண்டது. குளியலறையில் நாலு குடம் வரிசையாக நின்றது. குழந்தைக்கு ஒரு வாளி, எங்களுக்கு ஆளுக்கு அரை வாளி. மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கர் விலைக்கு வரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதற்கு முன்பு எங்கள் சங்கம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் வீட்டுக்கு 2,800 கூடுதலாக வசூலித்தார்கள். வீடு பார்த்த அன்று "தண்ணி எப்படி?" என்று கேட்டேன். "இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்றார் தரகர். எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் தரகரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள், போன ஏப்ரலில் எத்தனை டேங்கர் வந்தது என்று.

அந்த 8% எங்கிருந்து வந்தது என்பது ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தெரிந்தது. மனைவியின் மாமா புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மாப்பிள்ளை, இது விலை இல்லை, விலை ஏறின வேகம்" என்றார். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் ஒவ்வொரு ஊருக்கும் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்து, பெங்களூர் குறியீட்டைச் சென்னைக் குறியீட்டால் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் 2016ஆம் ஆண்டு விலைதான் 100. ஒரு ஊர் 130, இன்னொன்று 140 என்றால், 2016க்குப் பிறகு இரண்டாவது ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது, அவ்வளவே. எந்த ஊர் காஸ்ட்லி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வருடம் என் பையன் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்தான், நான் வளரவில்லை, அதனால் அவன் என்னைவிட உயரம் என்பது மாதிரியான கணக்கு. இதற்குத்தான் 7,500.

2024 செப்டம்பரில் கம்பெனியிலேயே கேட்டுச் சென்னைக்கு மாற்றல் வாங்கினேன். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தில் இருக்கிறது, நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "உங்க ஆலோசகருக்கும் நான் அரை மாத வாடகை கொடுத்தேனே, தெரியாதா?" தெரியாது. என்னிடம் காசு வாங்கிக்கொண்டு எனக்கு வீடு தேடியவர்கள், வீட்டுக்காரரிடமும் காசு வாங்கியிருக்கிறார்கள். வாடகை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அவர்களுக்கும் வரும். 20,000 வீடு ஏன் கடைசி வரை கண்ணில் படவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தோராயமான மதிப்பீடு' என்று போட்டிருப்பதாகப் பதில் வந்தது. சரி என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். வரி விதி, குறியீட்டுக் கணக்கு இரண்டையும் எழுதி இணைத்தேன். மூன்று வாரத்தில் 7,500 திரும்ப வந்தது. தரகுக்குக் கொடுத்த 32,000க்கு ரசீதே வாங்கவில்லை, அது போனது போனதுதான்.