தோள்வலிக்கு யார் கை? டர்பனில் நான் ஏறி இறங்கிய வாசல்கள்

கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவில், சட்டைக் காலர் முடிகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு எனக்கு வலி. தவில் வாசிக்கிறவன் உடம்பில் இது ஆச்சரியமில்லை. தவிலைத் தோளில் தொங்கவிடும் பட்டையான நாடை தோளை அறுக்கும், இடது கையில் பூவரசங்கழி ஓயாமல் இறங்கும். நான் இருக்கும் தென்னாப்பிரிக்க டர்பனில் தைப்பூசம் முடிந்து மூச்சு விடுவதற்குள் புனித வெள்ளி வந்துவிடும். அன்றைக்கு 'இசிபிங்கோ ரயில்' என்ற பகுதியின் மாரியம்மன் கோயிலில் திருவிழா, கால் வைக்க இடமிருக்காது. நின்றபடி மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். அப்படி ஓர் ஈஸ்டர் முடிந்ததும் "மசாஜுக்குப் போ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரிடம் போவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில்.

முதலில் போனது உம்ஷ்லாங்கா பக்கம் ஒரு ஸ்பா. யாரோ கொடுத்த கிஃப்ட் வவுச்சர் வீட்டில் கிடந்தது. மங்கின வெளிச்சம், சுடு கல், பின்னணியில் குழலோசை (ஸ்ருதி லேசாக விலகியிருந்தது, என் தொழில் அப்படி). ஒரு மணி நேரம் தடவிவிட்டார்கள். அன்றிரவு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். காலையில் வலி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. இதில் ஸ்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே விற்பது ஓய்வு, எனக்கு அது கிடைத்தது. ஆனால் உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறும் என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. லாக்டிக் அமிலத்தைக் கரைப்போம் என்பதும் அந்த ரகம்தான். உழைப்பு நின்று ஒரு மணி நேரம் போனால் உடம்பே அதைத் தீர்த்துவிடும். மால்களில் நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் பிசைந்துவிடுகிறார்களே, அது காபி குடிக்கிற மாதிரி. குடிக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் போனது 'டீப் டிஷ்யூ' (ஆழமாக அழுத்தும் மசாஜ்) என்று பலகை மாட்டிய ஓர் இடம். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் படுக்கச் சொன்னார், முழங்கையை ஊன்றினார். "வலித்தால்தான் வேலை செய்யும்" என்றார். மூன்று நாள் கழி பிடிக்க முடியவில்லை. தோள் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போனது. அழுத்தத்தைக்கூட மன்னித்துவிடலாம். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வலி எப்போது வருகிறது என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. மன்னிக்க முடியாதது அதுதான்.

அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் இதற்கு ஒரு பதிவேடு இருப்பதே எனக்குத் தெரிந்தது. 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டப்படி அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில் என்று ஓர் அமைப்பு இயங்குகிறது. ஆயுர்வேதம், கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்வது), ரிஃப்ளெக்ஸாலஜி (பாதத்தில் புள்ளிகளை அழுத்துவது) ஆகியவற்றோடு 'தெரப்யூட்டிக் மசாஜ் தெரபி' என்ற சிகிச்சை மசாஜும் அதன் கீழ் வருகிறது. பிசியோதெரபிஸ்டுகள் (இயன்முறை மருத்துவர்கள்) இன்னொரு அமைப்பில், ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில், பதிந்திருக்க வேண்டும். இரண்டு பதிவேட்டிலும் பெயரைப் போட்டு இணையத்திலேயே தேடலாம். ஸ்பாவில் கை வைக்கிறவர் எல்லாரும் இதில் இருக்க மாட்டார்கள். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். பதிவும் பிராக்டிஸ் நம்பரும் (காப்பீட்டுக்குப் பில் போடும் எண்) உள்ளவரிடம் போனால், பிளானைப் பொறுத்து, அந்தக் காப்பீட்டின் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஸ்பா ரசீதை நீட்டினால் சிரிப்பார்கள்.

இனி நேருக்கு நேர் வைக்க வேண்டியது பிசியோவையும் மசாஜ் தெரபிஸ்டையும்தான்.

பிசியோவிடம் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே போகலாம். நான் பார்த்த பெண் முதல் பதினைந்து நிமிஷம் என்னைத் தொடவே இல்லை. மாடி ஏறும்போது தோள் வலிக்கிறதா? தாடைக்கு ஏறுகிறதா? வியர்க்கிறதா? இடது தோள் வலி சில சமயம் இதயத்திலிருந்து வரும் என்பதற்காகக் கேட்டார். இந்த ஊர் இந்தியர்களிடம் சர்க்கரையும் மாரடைப்பும் அதிகம் என்பதால் அந்தக் கேள்விகளை அவர் விடுவதே இல்லையாம். அடுத்த தடவை தவிலைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நான் வாசித்ததைப் பார்த்தார், போனில் படம் எடுத்துக் காட்டினார். கழி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் என் இடது தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக எனக்கு அது தெரியாது! கை வைத்து அமுக்கியது பத்து நிமிஷம்தான், ஓர் ஊசியைத் தசையில் குத்தி எடுத்தார், மீதி நேரமெல்லாம் ரப்பர் பட்டை இழுக்கும் பயிற்சி. வெளியே வரும்போது "கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் அமுக்கினார்களா?" என்று மனசு முணுமுணுத்தது உண்மை.

மசாஜ் தெரபிஸ்ட் நேர் எதிர். கேள்விகள் ஐந்து நிமிஷம், மீதி ஐம்பது நிமிஷமும் கைதான். அழுத்தத்துக்குப் பத்தில் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். நான் ஏழு என்றால் தளர்த்தினார். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஓடுகிற காம்ரேட்ஸ் மாரத்தான் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அந்த ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய கை. கழுத்து அன்றைக்கே திரும்பியது. ஒரு வாரம் சுகம். பிறகு வலி திரும்பி வந்தது. அவர் கைராசியைக் குற்றம் சொல்ல முடியாது. இடுப்புவலிக்கு மசாஜ் எப்படி என்று 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) அலசலும் இதையேதான் சொல்கிறது: குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், நீண்ட காலத்துக்கு அந்தப் பலன் தெரியவில்லை, சான்றுகளும் வலுவானவை அல்ல.

என்னைக் கேட்டால், காரணம் தெரியாத வலிக்கு முதலில் பிசியோ. காரணம் தெரிந்து பயிற்சியும் செய்கிறவனுக்குத் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் மசாஜ் தெரபிஸ்ட். வரிசையை மாற்றினால் மாதா மாதம் ஒரே வலிக்குக் காசு கட்டிக்கொண்டிருப்போம், நான் கட்டியிருக்கிறேன். கையில் காசு தட்டுப்பாடாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை தரும் கிளினிக் இருக்கிறது.

ஆயுர்வேத எண்ணெய்க் குளியலை ஜூலைக் குளிரில் ஒரு தடவை செய்துகொண்டேன். கொட்டஞ்சுக்காதித் தைலத்தைச் சூடாகத் தேய்த்தபோது சொர்க்கம். வெள்ளை வேட்டியில் மட்டும் போகாதீர்கள்.

டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஆயாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எண்பதை நெருங்குகிறவர். பேச்செல்லாம் ஆங்கிலம், ஆனால் கை வைத்ததும் "நோவுதா தம்பி?" என்று பழைய வட ஆற்காட்டுத் தமிழ் வரும். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, கட்டைவிரலால் தோள்பட்டை எலும்பின் ஓரமாகவே போவார். முடிவில் பச்சை டப்பா ஜாம்பக் களிம்பு. காசு வாங்க மாட்டார். தசைப்பிடிப்புக்கு அந்தக் கட்டைவிரல் போதும். ஆனால் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றைக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, தேய்த்துவிடுங்கள் என்று வந்தார். விமானத்தில் நெடுந்தூரம் உட்கார்ந்து வந்தவர். ஆயா எண்ணெயை எடுத்தார், நான் தடுத்துவிட்டேன். அது ரத்தக்கட்டியாக இருந்தால் தேய்க்கத் தேய்க்க நுரையீரலுக்குப் போய்விடலாம். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் அழுத்த மசாஜ் பக்கம் போகக் கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குச் சுடு கல் ஆகாது, சுடுவதே தெரியாது. இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ எந்தக் கையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

இப்போது நாடைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வைக்கிறேன், பிசியோ சொன்ன யோசனை. ரப்பர் பட்டை பூஜை அறைக் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் மசாஜ் தெரபிஸ்டிடம் ஒரு மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆயாவிடம் போவது ஞாயிற்றுக்கிழமைகளில், தோள் வலிக்காவிட்டாலும்.