பத்மநாபபுரமா, குதிரமாளிகையா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் வீடு இருந்தால், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்ததும் கேட்பது இதைத்தான்: "ஒரு நாள்தான் இருக்கு, எந்தக் கொட்டாரத்துக்குப் போகலாம்?" கொட்டாரம் என்றால் அரண்மனை. தெற்கே போனால் தக்கலை அருகே பத்மநாபபுரம். வடக்கே போனால் திருவனந்தபுரத்தில் குதிரமாளிகை. இரண்டும் திருவிதாங்கூர் ராஜாக்கள் கட்டியவை, இரண்டுக்கும் திங்கள்கிழமை விடுமுறை.

என் ஓட்டு பத்மநாபபுரத்துக்கு. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தக் கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: மரக்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கும். மாடியில் மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய அறை. வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். செருப்பைக் கழற்றச் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த கருந்தரை அது. அதன் குளிர்ச்சி வெறுங்காலுக்குத்தான் தெரியும். அப்புறம் தாய்க்கொட்டாரம், இந்த அரண்மனையின் மிகப் பழைய பகுதி. நடுமுற்றமும் சரிந்த ஓட்டுக்கூரையுமாக, நம் ஊர்ப் பழைய நாலுகெட்டு வீடு போலவே இருக்கும். அங்கே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று உண்டு, நான் எப்போது போனாலும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

குதிரமாளிகை சுவாதித் திருநாள் 1840-களில் கட்டியது. இறவாரத்தின் அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள்; பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆனால் 1846-லேயே அவர் மறைந்துவிட்டார், மாளிகையும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. அதனாலோ என்னவோ, ஆள் புழங்கிய வீடு என்ற எண்ணமே வராது. தந்தச் சிம்மாசனம், படிகச் சிம்மாசனம் என்று பார்த்துக்கொண்டே வழிகாட்டியின் வேகத்துக்கு நகர வேண்டியதுதான். பத்மநாபசுவாமி கோயில் பக்கத்திலேயே இருப்பதால், சாமி கும்பிட வந்தவர்களுக்கு இதுதான் வசதி.

நவராத்திரி சமயத்தில் வந்தால் கதையே வேறு. பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் கைமாறியதும், சரஸ்வதி யானைமேல் புறப்படுவாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூடவே நவராத்திரி பூஜைக்குத் திருவனந்தபுரம் போவார்கள். எங்கள் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்போது வருகிறவர்களை நான் எந்தக் கொட்டாரத்துக்கும் அனுப்புவதில்லை, ரோட்டோரத்தில் இடம் பிடித்துக்கொடுப்பேன்.