நோட்டா, ஃபோனா, போர்டா? ஒரு கணக்கு அலுவலகத்தின் அனுபவம்

7, 11, 15, 20. வரிக் கணக்கு பார்க்கிற அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாலு தேதிகளும் தூக்கத்தில்கூட மறக்காது. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்ட வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி ஆர்-1, 15-ஆம் தேதி ஊழியர்களுக்கான பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜிஎஸ்டி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களுக்கு 3பி 22-ஆம் தேதி.

எனக்கு வீடு புதுச்சேரி, வேலை கடலூர் மஞ்சக்குப்பம். கிளையண்ட்டுகள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரியில் அரசு விடுமுறை, கடலூரில் வேலை நாள். இதற்கு நடுவில் வாடிக்கையாளர் போன், பேங்க் வேலை, திடீரென்று வருகிற நோட்டீஸ். இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாது, எதிலாவது இறக்கி வைத்தே ஆக வேண்டும். நோட்டு, ஃபோன், சுவரில் வெள்ளை போர்டு மூன்றையும் வருஷக்கணக்காகப் பயன்படுத்திவிட்டேன். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

முதலில் நோட்டு. நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி. இதன் பெரிய பலம், எழுதும்போதே வேலை மனதில் பதிந்துவிடுகிறது. காலையில் பக்கத்தைத் திறந்தால் இன்றைய வேலை மட்டும்தான் கண்ணில் படும். முடித்ததைக் கோடு போட்டு அடிக்கும்போது வருகிற நிம்மதி ஃபோனில் டிக் அடிக்கும்போது வருவதில்லை. கிளையண்ட் எதிரில் உட்கார்ந்து பேசும்போது நோட்டில் குறித்தால் நாம் கவனமாகக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதே நேரத்தில் ஃபோனை எடுத்தால், "மேடம் பிஸியா இருக்கீங்களா, அப்புறம் வரட்டுமா?" என்று எழுந்துவிடுவார்.

ஆனால் நோட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு மாதம் 23-ஆம் தேதி ஒரு கிளையண்ட் வந்து, கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பணத்தில் டிடிஎஸ் பிடித்திருக்கிறேன், 7-க்குள் கட்டிவிடுங்கள் என்று சொன்னார். அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதியது 23-ஆம் தேதிப் பக்கத்தில். மாதம் மாறியது, பக்கம் புரண்டது. 8-ஆம் தேதி வேறு எதையோ தேடிப் பின்னால் புரட்டியபோது அந்த அடிக்கோடு என்னைப் பார்த்தது. ஒரு நாள்தானே தாமதம் என்று விட்டுவிட முடியாது. பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. அதையும் பிடித்த தேதியிலிருந்து கணக்கிடுவார்கள், மாதத்தின் ஒரு பகுதி இருந்தாலும் முழு மாதம். பிடித்த மாதம் ஒன்று, கட்டிய மாதம் ஒன்று என ஒரு நாள் பிந்தியதற்கு இரண்டு மாத வட்டி, 3 சதவீதம். அதை அலுவலகமே ஏற்றுக்கொண்டது. சொன்ன நாளின் பக்கத்தில் எழுதினேனே தவிர, செய்ய வேண்டிய நாளின் பக்கத்தில் எழுதவில்லை. நோட்டு தானாக வந்து நம்மைத் தட்டி எழுப்பாது.

அதனால் ஃபோனுக்கு மாறினேன். காலண்டரில் ஒருமுறை போட்டு 'மாதாமாதம்' என்று வைத்தால் போதும், ஒவ்வொரு 7-க்கும் இரண்டு நாள் முன்பே நினைவூட்டிவிடும். புதுச்சேரி விடுமுறைகளைக் கையால் சேர்த்து அவற்றுக்குத் தனி நிறமும் கொடுத்தேன். தேதி என்று வந்துவிட்டால் ஃபோனுக்கு ஈடு இல்லை. 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், விற்பனையே இல்லாத கணக்கானால் 20 ரூபாய். நாற்பது கிளையண்ட் இருக்கிற இடத்தில் ஒரு தேதியை மறந்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள்.

அந்த நம்பிக்கையில் அன்றாட வேலை முழுவதையும் ஃபோனுக்கே மாற்றினேன். அங்கேதான் சறுக்கியது. ஒரு நாள் காலையில் கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறேன். ஒரு கையில் கம்பி, தோளில் பை. கன்னியக்கோயில் தாண்டும்போது நினைவூட்டல் அடித்தது. கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டேன், அதோடு போயிற்று. அலுவலகத்தில் இருக்கும்போது அடித்தால் வேறு கதை. அதைப் பார்க்க ஃபோனை எடுத்தால் மேலேயே வாட்ஸாப்பில் பதினான்கு பில் போட்டோ காத்திருக்கும். ஒன்று தலைகீழாக, ஒன்று பாதி வெட்டுப்பட்டு. அதைச் சரியாக அனுப்பச் சொல்லிப் பதில் போட்டு நிமிர்ந்தால் இருபது நிமிடம் போயிருக்கும். எதற்காக ஃபோனை எடுத்தேன் என்பது நினைவில் இருக்காது. வேலையை நினைவூட்டுகிற கருவியே வேலையைக் கலைக்கிற கருவியாகவும் இருக்கிறது.

வெள்ளை போர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு அது நல்லது. ஒவ்வொரு கிளையண்ட்டுக்கும் ஒரு வரிசை. பில் வந்ததா, என்ட்ரி முடிந்ததா, ஆர்-1, 3பி என்று கட்டங்கள். "அக்கா, இது யார் கையில இருக்கு?" என்ற கேள்வியே குறைந்துவிட்டது. ஆனால் அதை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டாதீர்கள். ஒரு கடைக்காரரின் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. எங்கள் போர்டு உள்ளறையில் இருக்கிறது.

மழைக்கும் புயலுக்கும் எது தாங்கும் என்று இந்தக் கடற்கரையில் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து, கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. ஃபோனில் சார்ஜ் இல்லை. ஜனவரி 7-க்கு யார் யாருக்கு என்ன கட்ட வேண்டும் என்பதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அன்றைக்கு நோட்டு ஜெயித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஒரே நாளில் ஊரே குளமானது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த என் டைரி ஊறிவிட்டது. வெயிலில் காயவைத்துப் பிரித்தால், ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்கள் எல்லாம் நீலக் கறை. இடையிடையே பால்பாயிண்ட்டில் எழுதிய வரிகள் மட்டும் அப்படியே நின்றன. ஃபோன் காலண்டரில் ஒரு தேதிகூடக் குறையவில்லை. அதிலிருந்து பால்பாயிண்ட் தவிர வேறு பேனா தொடுவதில்லை. கட்டாயத் தேதி எதுவும் நோட்டில் மட்டும் இருக்க விடுவதும் இல்லை.

எதில் எழுதினாலும், செய்ய நேரம் வேண்டுமே. இங்கேயும் இரண்டு கட்சி உண்டு. ஒன்று பொமோடோரோ. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படிக்க ஆரம்பித்த முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பில் என்ட்ரி போடுவதற்கு இது அருமை. எங்கள் அலுவலகப் பெண் இதில் வேகமாகிவிட்டாள். ஆனால் 2பி சரிபார்ப்புக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கிளையண்ட்டுக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்தான் 2பி, மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும். அதையும் கொள்முதல் பில்களையும் ஒன்றொன்றாகப் பொருத்த வேண்டும். பில் எண்ணில் ஒரு சைபர் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கப் போகும் நேரத்தில் டைமர் அடித்தால் பிடித்த நூல் அறுந்துவிடும்.

இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒன்றரை மணி நேரத்தை முழுசாக ஒதுக்குவது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கதவு திறந்திருக்கிற அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் யார் தருவார்கள்? ராகு காலம் தருகிறது. இதைப் பல மாதம் கவனித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். "மேடம், பத்தரைக்கு மேல ராகு காலம், பன்னெண்டுக்கு மேல வந்து கையெழுத்து போடறேன்" என்று வெள்ளிக்கிழமை எத்தனை பேர் சொல்கிறார்கள்! புதுக் கணக்கு தொடங்கவோ, கூட்டு வணிகப் பத்திரம் எழுதவோ யாரும் அந்த நேரத்தில் வரமாட்டார்கள். நாம் நம்புகிறோமா என்பது வேறு விஷயம். ஊர் கடைப்பிடிக்கிறது, அதனால் கதவருகே சத்தம் அடங்குகிறது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது நமக்கு உதவாது, அப்போது பஸ்ஸில்தான் இருப்போம். வியாழன் ஒன்றரை முதல் மூன்று, சாப்பிட்ட மயக்கம். செவ்வாய் மூன்று முதல் நாலரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, இந்த இரண்டும் தங்கம். அந்த நேரத்தில் ஃபோனை மேஜை டிராயரில் போட்டுவிடுகிறேன். அவசரமென்றால் அலுவலக லேண்ட்லைன் இருக்கிறது.

இப்போது தேதியெல்லாம் ஃபோனில், யாருடைய கோப்பு எங்கே நிற்கிறது என்பது போர்டில், இன்று நான் செய்ய வேண்டியது நோட்டில். மாலை ஆறு மணிக்கு ஃபோன் காலண்டரைத் திறந்து மறுநாளைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து, நோட்டில் இறக்கி எழுதுகிறேன். ஐந்து நிமிட வேலைதான். இந்த ஐந்து நிமிடத்தை விட்டால் மூன்றும் தனித்தனியாகக் கிடக்கும். ஒன்று மட்டும்தான் வைத்துக்கொள்வேன் என்கிறவர் ஃபோனை எடுத்துக்கொள்ளட்டும். தேதி தவறினால் பணம் போகும், மற்றவை தவறினால் மறுநாள் செய்துகொள்ளலாம்.

இன்று வியாழன். ஆறே கால் ஆகிறது, பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நாளைய பக்கத்தில் பத்தரைக்கு எதிரே ஒரே வரி எழுதியிருக்கிறேன்: ஜவுளிக்கடை, 2பி சரிபார்ப்பு.