கோத்தகிரியில் ஒரு பத்திரச் சரிபார்ப்புச் சேவை

மலேசியக் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உடைய என் சித்தப்பா கோத்தகிரியில் வீடு வாங்க விரும்பியதால், அங்குள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கக் கொடுத்தோம். தரகர் காட்டியது அரை ஏக்கர் தேயிலையோடு கூடிய பழைய ஓட்டு வீடு. வில்லங்கச் சான்றைப் புரட்டுவதற்கு முன்பே வழக்கறிஞர், ஓசிஐ அட்டைதாரர் குடியிருப்பும் வணிகக் கட்டடமும் வாங்கலாமே தவிர, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்று தெளிவுபடுத்தினார். செடிகளைப் பிடுங்கிவிட்டால் போதும் என்ற தரகரின் யோசனையை (எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார்) அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்துப் பார்த்த நகர்ப்பகுதி வீட்டுக்குத் தாய்ப் பத்திரத்தையும் கட்டட அனுமதியையும் வரிவரியாக ஒப்பிட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத பின்கட்டு அறை ஒன்றைச் சுட்டிக்காட்டியதுடன், விலைப்பணத்தை வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கிகளில் வைக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்தோ செலுத்த வேண்டும் என்பதையும் எழுத்துமூலம் தந்தார். வேலையில் குறையில்லை. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே சொல்வதில்லை. நகல் செலவும் தனியாக வந்து சேர்கிறது. முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.