கூரையை இடிக்கணுமா, ரிப்பேர் பண்ணா போதுமா? செக் பண்ணித் தந்த சர்வீஸ் பத்தி என் ரிவ்யூ

மழை பெஞ்சா ஹால்ல சொட்டுது, பெட்ரூம் சீலிங்ல ஒரு இடத்துல காங்கிரீட் பேந்து விழுந்து கம்பி தெரியுது, வெளிய சன்ஷேடு ஓரமெல்லாம் விரிசல். வீட்டுக்கு வயசு 30க்கு மேல ஆச்சு. முதல்ல ரெண்டு பேரைக் கூப்ட்டு காமிச்சோம். ஒருத்தர் கோட்டிங் அடிக்கிறவர், அண்ணாந்து பாத்துட்டு "ரெண்டு கை அடிச்சா சரியாயிடும் சார்"னு சொல்லிட்டாரு. இன்னொருத்தர் காண்ட்ராக்டர், "தளமே போச்சு, இடிச்சிட்டு புதுசா போடுங்க"ங்கிறாரு. ரெண்டு பேரும் மாடிப்படி கூட ஏறல. அம்மா அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல, எப்ப இடிஞ்சு விழுமோன்னு பயம். அதுக்கப்புறம்தான் ரிப்பேர் வேலை எதுவும் எடுக்காம, செக் பண்ணி ரிப்போர்ட் மட்டும் தர்ற ஒரு எஞ்சினியரிங் சர்வீஸை புக் பண்ணோம்.

வந்த எஞ்சினியர் எடுத்த உடனே அம்மாகிட்ட கேட்டது, "மழையே இல்லாத நாள்லயும் அந்த இடம் ஈரமா இருக்காம்மா?" அப்படி இருந்தா கூரையை சந்தேகப்படறதுக்கு முன்னாடி தண்ணி டேங்க், பைப் லைனைப் பாக்கணுமாம். எங்களுக்கு மழையில மட்டும்தான். அப்புறம் ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கிட்டு சீலிங் முழுக்க, விட்ட இடம் இல்லாம, தட்டிக்கிட்டே போனாரு. நல்லா இருக்கற இடம் கிண்ணுனு கேக்குது, உள்ள விட்டுப்போன இடம் பொத்துனு கேக்குது, அதையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டுட்டாரு. முடிஞ்சப்புறம் அண்ணாந்து பாத்தா பெட்ரூம்ல ஒரு மூலையில மட்டும் வட்டங்கள் நெருக்கமா இருக்கு, ஹால்ல ஒண்ணு கூட இல்ல. அந்த நிமிஷமே பாதி பயம் போயிடுச்சு எங்களுக்கு.

பேந்த இடத்துல கொஞ்சம் கொத்தி, ஃபீனால்ஃப்தலீன் ஸ்ப்ரே பண்ணாரு, அதான் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல ரோஸ் கலர் ஆகுமே அது. காங்கிரீட்ல இருக்கற காரத்தன்மைதான் கம்பி துருப்பிடிக்காம காப்பாத்துது, வருஷக்கணக்கா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள இறங்க இறங்க அந்தக் காரம் குறைஞ்சுடும், அப்படிக் குறைஞ்ச இடத்துல கலர் மாறாது. துருப்பிடிச்ச கம்பி ஊதும், ஊதி காங்கிரீட்டைத் தள்ளும், அதான் பேந்து விழுது. அதனால மேல சிமெண்ட் பூசி மூடிட்டா உள்ள துருப்பிடிக்கறது நிக்காது, கொஞ்ச நாள்ல பூச்சோட சேர்ந்து திரும்ப விழும். எங்க வீட்லயே முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் பூசி மறைச்சிருக்கோம், இப்ப விழுந்தது அதே இடம்.

அடுத்து கம்பியில துருவை நல்லா சுரண்டிட்டு கம்பியோட தடிமனை அளந்தாரு. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுது. 8 மில்லி கம்பி தேஞ்சு 7 மில்லி ஆயிருந்தா ஒரு மில்லிதானே போச்சுன்னு நினைப்போம், ஆனா கம்பியோட குறுக்குப் பரப்புல கிட்டத்தட்ட கால் பங்கு காலி. பெட்ரூம்ல அந்தளவுக்கு இல்ல, மேலாப்பலதான் துரு. சன்ஷேடுல நிறையவே போயிருந்துச்சு. சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவத்துல பிடிச்சு நீட்டிக்கிட்டு இருக்கறதால பாரத்தைத் தாங்கற கம்பி மேல்பக்கம் இருக்கும், தண்ணி தேங்கறதும் மேல்பக்கம்தான், அதனால கீழ நின்னு பாத்தா லேசான விரிசல் மாதிரிதான் தெரியும். அதுக்குக் கீழ யாரும் நிக்காதீங்கன்னு அப்பவே சொல்லிட்டாரு.

கடைசியா மாடியில தண்ணி கட்டிப் பாத்தாங்க, ஆனா மாடி முழுக்க இல்ல. 5 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம், அதனால பெட்ரூம் மூலையை விட்டுட்டு ஹால் பக்கம் மட்டும் பாத்தி மாதிரி மண் வரப்பு போட்டு பகுதி பகுதியா. நடுப் பாத்தியில தண்ணி ஒரு நாள் முழுக்க நின்னுச்சு, கீழ ஒரு சொட்டு இல்ல. மழைநீர் இறங்கற பைப் வாய்கிட்ட கட்டினதும் கொஞ்ச நேரத்துல ஹால்ல சொட்ட ஆரம்பிச்சுது, அதுவும் பைப்புல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி! தண்ணி உள்ள இறங்கற இடம் வேற, சொட்டற இடம் வேற. சொட்டற இடத்துக்கு மேல மட்டும் கோட்டிங் அடிச்சிருந்தா அவ்வளவும் வீணாப் போயிருக்கும்.

ரிப்போர்ட்ல வந்த முடிவு: தளத்தை இடிக்க வேண்டாம், பைப் வாயை உடைச்சு புதுசா பண்ணி அங்க வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், பெட்ரூம் மூலையில லூஸ் காங்கிரீட்டை கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் எடுத்து, துரு நீக்கி, ரிப்பேர் மார்ட்டர் (ரிப்பேருக்குன்னே வர்ற சிமெண்ட் கலவை) வெக்கணும், சன்ஷேடை மட்டும் எடுத்துட்டு புதுசா போடணும். வட்டம் போட்ட இடம் தளம் முழுக்க பரவியிருந்தாலோ, கம்பி பல இடத்துல தேஞ்சிருந்தாலோ, தளம் நடுவுல தொய்ஞ்சிருந்தாலோ இடிக்கத்தான் சொல்லியிருப்பேன்னாரு. ஓட்டுக் கூரைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதானாம், ஓடு உடைஞ்சா ஓடு மட்டும், கீழ இருக்கற மரம் இத்துப்போய் வளைஞ்சிருந்தா முழுசாப் பிரிக்கணும்.

குறைன்னு பாத்தா, ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு 10 நாள் கழிச்சு வந்துச்சு, அதுவரைக்கும் அந்த சன்ஷேடு பக்கம் கயிறு கட்டி வெச்சுக்கிட்டு காத்திருந்தது கஷ்டமா இருந்துச்சு. கொத்தின ஓட்டையை அப்படியே விட்டுட்டுப் போனாங்க, ஃபோன் பண்ணி கேட்டப்புறம்தான் வந்து அடைச்சாங்க. ரிப்போர்ட்ல பாதி அம்மாவுக்குப் புரியல, எஞ்சினியரைத் திரும்ப கூப்ட்டு உக்காந்து கேட்டோம், அவர் பொறுமையா சொன்னாரு, அதுக்கு அவருக்கு நன்றி.

5க்கு 4 ஸ்டார். வேலை முடிஞ்சு ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு, ஹால் காஞ்சு இருக்கு. பெட்ரூம் மூலையை மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தட்டிப் பாக்கச் சொன்னாரு, போன வாரம்தான் தட்டினேன், கிண்ணுனுதான் கேட்டுது.