இறால் ஓடா, ஆரஞ்சுத் தோலா: பழத்துக்கு எந்தப் பூச்சு?

உரித்துப் போட்ட இறால் ஓடு, சாறு பிழிந்த ஆரஞ்சுத் தோல், சீஸ் செய்தபின் வடியும் நீர். இந்த மூன்றிலிருந்தும் பழத்தின் மேல் பூசி அப்படியே சாப்பிடக்கூடிய படலம் செய்கிறார்கள். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், உங்கள் பழம் எதனால் கெடுகிறது என்று பாருங்கள்.

பூசணம்தான் தொல்லை என்றால் என் ஓட்டு இறால் ஓட்டுக்கே. அதிலிருந்து வரும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது, அதனால் வெறும் திரையாக நின்றுவிடாமல் நுண்ணுயிரிகளின் செல்சவ்வையே குலைக்கிறது; ஸ்ட்ராபெர்ரி மாதிரி மென்மையான பழங்களில் சாம்பல் பூசணம் வருவது தள்ளிப்போகும். ஆனால் குப்பையிலிருந்து எடுப்பதால் சும்மா கிடைக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்க அமிலம், புரதத்தை நீக்கக் காரம், மிஞ்சும் கைட்டின் என்ற நார்ப்பொருளைக் கைட்டோசான் ஆக்க மறுபடியும் கொதிக்கும் அடர்காரம், அப்புறம் இத்தனை கழிவுநீரையும் சுத்தம் செய்யும் செலவு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த தூளும் வெறும் தண்ணீரில் கரையாது, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் கொஞ்சம் வேண்டும். அளவு மிஞ்சினால் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். சைவக்காரர்களுக்குக் காளானிலிருந்து எடுத்த கைட்டோசான் இருக்கிறது.

வெட்டிய பழத்துக்கு இது தேவையில்லை, ஜாமை இறுக வைக்கும் பெக்டின் போதும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் உலர் எடையில் 20 முதல் 30 சதவீதம், ஆப்பிள் சக்கையில் 10 முதல் 15 சதவீதம் அதுதான். மெத்தாக்சில் குறைந்த பெக்டினில் (கால்சியம் பட்டால் இறுகும் வகை) துண்டுகளை முக்கி, அடுத்து கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கினால் படலம் இறுகும், கூடவே சதையும் கெட்டிப்படும். கறுக்காமல் இருக்க வைட்டமின் சி-யைப் பூச்சிலேயே கலந்துவிடலாம். பூசணத்தோடு சண்டை போட மட்டும் இதற்குத் தெம்பில்லை.

சீஸ் செய்தபின் வடியும் நீர்தான் வே; அதிலுள்ள புரதம் எப்படி? 10 கிலோ பாலுக்கு ஏறக்குறைய 9 கிலோ வே வடிகிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை. அந்தப் புரதக் கரைசலை 90 டிகிரியில் அரைமணி சூடாக்கி கிளிசரின் சேர்த்தால் நல்ல படலம். ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், காற்றில் ஈரம் ஏறும்வரை. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் லேபிளில் எழுதியே தீர வேண்டும். கைட்டோசானுக்கும் மூலம் இறால் என்று எழுதிவிடுவது நல்லது.

சரி, பழம் வாடித்தான் வீணாகிறதா? அப்படியானால் மூன்றுமே தனியாக உதவாது. எல்லாம் நீரை விரும்பும் பொருள்கள், ஈரம் ஊடுருவிப் போய்விடும். தவிட்டு எண்ணெய் ஆலையில் மிஞ்சும் தவிட்டு மெழுகைச் சேர்த்தால் நிற்கும், ஆனால் தடிமன் கூடக்கூடாது. உள்ளே ஆக்சிஜன் போகாமல் மூச்சுமுட்டிய பழம் சாராய வாடை அடிக்கும். அதனால் முதலில் நாலு பழத்தில் பூசி, சில நாள் வைத்து, வெட்டி முகர்ந்து பார்த்துவிட்டு மொத்தச் சரக்கில் கைவையுங்கள்.